எந்த மாத்திரை வலுவானது?

கார்த்திகை மாதத்தில் திருவண்ணாமலைக்கு வருகிறவர்கள் மலையைப் பார்க்கிறார்கள். இங்கேயே குடியிருக்கும் எங்களுக்கு அந்த மாதத்தில் கண்ணில் படுவது புல்தான். ஐப்பசி மழையில் கொல்லைப்புறம், வாய்க்கால் ஓரம், காலி மனை எல்லாம் முழங்கால் உயரத்துக்குப் பச்சை கட்டிவிடும். சில ஆண்டுகளுக்கு முன், தீபம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நான் அரிவாளை எடுத்துக்கொண்டு வீட்டுக் கொல்லையைச் சுத்தம் செய்தேன். பத்து நாள் கழித்துக் குளிரும் தலைவலியுமாகக் காய்ச்சல் வந்தது.

அப்போது நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இருபது ஆண்டுகளாகக் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவன், மருந்துக் கடைக்குப் போய் நின்று, “நல்ல ஸ்ட்ராங்கான ஆன்டிபயாடிக்காகக் கொடுங்கள்” என்று கேட்டேன். கடைக்காரர் செஃபிக்சிம் என்ற மாத்திரையைக் கொடுத்தார். விலை சற்றுக் கூடுதல். அதனால் நம்பிக்கையும் கூடுதலாக வந்தது. நான்கு நாள் விழுங்கினேன். காய்ச்சல் 104 டிகிரியை விட்டு இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் ஒரு மருத்துவரிடம் போனேன். அவர் நாக்கைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். பிறகு உடம்பு முழுவதையும் நிதானமாகத் தேடத் தொடங்கினார். வேட்டி முடிச்சுக்குக் கீழே, சிகரெட் நெருப்பால் சுட்டது போல, கறுப்பான ஒரு பொருக்கு இருந்தது. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. அதனால் எனக்கே தெரியாது. அவர் எழுதித் தந்தது டாக்ஸிசைக்ளின், ஒரு வேளைக்கு 100 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, ஏழு நாள். அது மிக மலிவான, மிகப் பழைய மருந்து. “இதைவிட ஸ்ட்ராங்கானதாக...” என்று நான் இழுத்தேன். “நீங்கள் இதுவரை சாப்பிட்டதும் நல்ல மருந்துதான் சார். இந்தக் கிருமிக்கு அது மருந்து இல்லை, அவ்வளவுதான்” என்றார்.

மாணவ நண்பர்களே, அந்த ஒரு வாக்கியத்தை விளக்கத்தான் இக்கட்டுரை. ‘எந்த ஆன்டிபயாடிக் வலுவானது?’ என்ற கேள்வியே பிழையானது என்பது என் கருத்து. ‘எந்தக் கிருமிக்கு?’ என்பதைச் சேர்க்காத வரை அதற்கு விடை கிடையாது.

எனக்கு வந்த நோயின் பெயர் ஸ்க்ரப் டைஃபஸ். செய்தித்தாள்கள் இதை உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகின்றன. மாட்டின் காதிலும் நாயின் கழுத்திலும் ஒட்டியிருக்கும் உண்ணி இதைப் பரப்புவதில்லை. புதர்களிலும் புற்களிலும் வாழும் ஒருவகைச் சிற்றுண்ணியின் இளம்புழு, ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் நீளமுள்ளது, கண்ணுக்கே தென்படாதது, அதுதான் பரப்புகிறது. அது இரத்தம் குடிப்பதில்லை. தோலின் திசுவைக் கரைத்து அந்தச் சாற்றை உறிஞ்சுகிறது. அப்போது ஓரியென்ஷியா சுட்சுகாமுஷி என்ற பாக்டீரியா உடலுக்குள் நுழைகிறது. இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். டைஃபஸ் வேறு, டைஃபாய்டு வேறு. பெயர்தான் ஒன்று போல ஒலிக்கிறது.

இது அபூர்வமான காட்டு நோய் அன்று. தமிழ்நாட்டின் 37 கிராமங்களில் சுமார் 32,000 பேரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2025-இல் வெளியாயிற்று. ஆண்டொன்றில் பத்தில் ஒருவர் வரை இக்கிருமியின் தொற்றுக்கு ஆளாகிறார்கள் என்று அது கண்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் காய்ச்சலே வருவதில்லை. ஆனால் வந்தவர்களில் சிலருக்கு நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை பாதிப்பு போகிறது. சரியான மருந்து சில நாள் தாமதமானால் உயிரே போகலாம். நான் செஃபிக்சிமை நம்பி இழந்த நான்கு நாள் அத்தகைய நாள்கள்தாம்.

சரி, செஃபிக்சிம் ஏன் தோற்றது? பென்சிலின், அமாக்ஸிசிலின், செஃபிக்சிம், செஃப்ட்ரியாக்சோன் ஆகிய யாவும் ஒரே குடும்ப முறையில் வேலை செய்பவை. பாக்டீரியா தன்னைச் சுற்றி ஒரு செல் சுவரைக் கட்டிக்கொள்கிறது. இம்மருந்துகள் அந்தக் கட்டட வேலையைக் கெடுக்கின்றன. சுவர் பலவீனமாகிக் கிருமி வெடிக்கிறது. ஆனால் ஓரியென்ஷியா நம்முடைய செல்லுக்கு உள்ளேயே போய் வாழும் குடித்தனக்காரன். பிறர் வீட்டுக்குள் வாழ்கிறவனுக்குச் சொந்தச் சுவர் எதற்கு? அதனிடம் அந்தச் சுவர்ப்பொருள் மிகச் சொற்பமே உண்டு. இல்லாத சுவரை இடிக்க எத்தனை விலை உயர்ந்த கடப்பாரை வாங்கினால்தான் என்ன?

டாக்ஸிசைக்ளின் வேறு இடத்தில் கைவைக்கிறது. புரதம் தயாரிக்கும் ரைபோசோம் என்ற தொழிற்சாலை எல்லா பாக்டீரியாவுக்கும் உண்டு. அதன் சிறிய பாகத்தில் போய் இம்மருந்து உட்கார்ந்துகொள்கிறது. மூலப்பொருள் உள்ளே வர வழியில்லை, உற்பத்தி நிற்கிறது. தவிர, இந்த மருந்து நம் செல்லின் உறையைக் கடந்து, கிருமி ஒளிந்திருக்கும் இடம் வரை போகவும் வல்லது.

இதற்கு நேர்மாறான ஓர் உதாரணம் பாருங்கள். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்றோர் ஊர். 1975-இல் அங்கும் அண்டை ஊர்களிலும் பிள்ளைகள் பலருக்கு மூட்டு வீக்கம் வந்ததிலிருந்து ஆராயத் தொடங்கி, வில்லி பர்க்டார்ஃபர் என்பவர் உண்ணிகளின் உடலில் சுருள் வடிவக் கிருமி ஒன்றைக் கண்டு 1982-இல் வெளியிட்டார். லைம் நோய் அந்தக் கிருமியால் வருவது. அதற்கும் முதன்மை மருந்து டாக்ஸிசைக்ளின்தான். ஆனால் டாக்ஸிசைக்ளின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அங்கே அமாக்ஸிசிலின் கொடுக்கிறார்கள், நோய் குணமாகிறது. நரம்பு மண்டலம் பாதிக்கப்பட்டால் செஃப்ட்ரியாக்சோனை ஊசி வழியே ஏற்றுகிறார்கள். அந்தக் கிருமிக்குச் சுவர் உண்டு. அதே அமாக்ஸிசிலினும் அதே செஃப்ட்ரியாக்சோனும் நம் கொல்லைப்புறக் கிருமியிடம் கைகட்டி நிற்கின்றன. இப்போது சொல்லுங்கள், அமாக்ஸிசிலின் வலுவானதா, வலுவற்றதா?

மருந்தைத் தேர்ந்தெடுப்பதில் இன்னொரு பக்கமும் உண்டு. அது கிருமியைப் பற்றியதன்று, மனிதனைப் பற்றியது. இரண்டாம் உலகப் போரில் அசாம்–பர்மா எல்லையில் போர்வீரர்களைக் குண்டுகளோடு சேர்ந்து இந்த நோயும் வீழ்த்தியது. அப்போது மருந்து ஏதும் கிடையாது. 1948-இல் ஜோசப் ஸ்மேடல் தலைமையிலான அமெரிக்கக் குழு கோலாலம்பூருக்குப் போய், குளோராம்ஃபெனிகால் என்ற புதிய மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. காய்ச்சல் விரைவில் தணிந்தது. டைஃபாய்டுக்கும் நம் நாட்டில் பல காலம் அதைத்தான் கொடுத்தார்கள். உங்கள் தாத்தா பாட்டியைக் கேட்டால் பெயர் சொல்வார்கள். ஆனால் பல்லாயிரத்தில் ஒருவருக்கு அது எலும்பு மச்சையின் வேலையையே நிறுத்திவிடுகிறது. புதிய இரத்த அணுக்கள் பிறப்பதில்லை. நல்ல மருந்து, ஆனால் பயந்துகொண்டே கொடுக்க வேண்டிய மருந்து.

அதே 1948-இல்தான் டாக்ஸிசைக்ளினின் மூதாதையான ஆரியோமைசின் வெளிவந்தது. மிசௌரி மாநிலத்து வயல் மண்ணிலிருந்து அதைப் பிரித்தவர் பெஞ்சமின் டக்கர் என்ற தாவரவியலாளர். அவர் பணியாற்றிய லெடர்லி ஆய்வுக்கூடத்தின் ஆராய்ச்சித் தலைவர் யார் தெரியுமா? சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். அந்த வம்சத்தில் திருத்தங்கள் செய்து உருவான டாக்ஸிசைக்ளின் 1967-இல் விற்பனைக்கு வந்தது. பழைய மருந்து என்று நான் முகம் சுளித்தேனே, அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கோடிக்கணக்கானோர் உட்கொண்டு, அதன் நல்லதும் கெட்டதும் முழுக்கத் தெரிந்த மருந்து என்றல்லவா அதற்குப் பொருள்!

கெட்டது என்றதும் என் இரண்டாம் நாள் கதைக்கு வர வேண்டும். மாத்திரை விழுங்கிய அரை மணியில் குமட்டல். நெஞ்சுக்குழியில் எரிச்சல். வெறும் வயிற்றில், ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்கிவிட்டு உடனே படுத்திருந்தேன். மாத்திரை உணவுக் குழாயிலேயே ஒட்டிக் கரைந்து புண்படுத்துவதற்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. எரிச்சலுக்கு ஒரு டம்ளர் பால் குடித்தேன். அடங்காததால் வயிற்றெரிச்சலுக்கான அமில நீக்கி மருந்தையும் இரண்டு கரண்டி ஊற்றிக்கொண்டேன். இதுவும் தவறு. பாலில் உள்ள கால்சியம் அயனியும் அமில நீக்கியில் உள்ள மக்னீசியம், அலுமினியம் அயனிகளும் மருந்து மூலக்கூற்றை நண்டுக் கொடுக்கு போலப் பற்றிக்கொள்கின்றன. அவ்வாறு பிணைந்த மருந்தால் குடலின் சுவரைக் கடந்து இரத்தத்தில் கலக்க முடியாது. டாக்ஸிசைக்ளின் விஷயத்தில் பால் செய்யும் கெடுதல் ஓரளவுதான். அமில நீக்கியும் இரும்புச்சத்து மாத்திரையும் செய்யும் கெடுதல் அதிகம். உங்களுக்குப் பள்ளியில் வாரந்தோறும் இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்களே, இந்த மருந்து சாப்பிடும் நாள்களில் அதைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மறுநாள் மருத்துவரிடம் தொலைபேசியில் புலம்பினேன். சாப்பிட்ட பிறகு போடுங்கள், ஒரு பெரிய டம்ளர் நிறையத் தண்ணீர் குடியுங்கள், அரை மணி நேரமாவது உட்கார்ந்திருங்கள், வெயிலில் அலையாதீர்கள் என்றார். மருந்து மாறவில்லை, விழுங்கும் முறைதான் மாறியது. குமட்டல் பாதிக்கு மேல் குறைந்தது. வெயில் ஏன் ஆகாது என்பதில் என் பாடத்தின் வாசனை இருக்கிறது. இம்மருந்தின் மூலக்கூறு சூரிய ஒளியின் புற ஊதாக் கதிரை உட்கவரும். தோலில் இருக்கும்போது கவர்ந்த அந்த ஆற்றல் தோலையே சுட்டுவிடுகிறது. பௌர்ணமி இரவில் கிரிவலம் போகலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நிலவொளி சுடாது, காய்ச்சல்காரர் 14 கிலோமீட்டர் நடக்கலாமா என்பது வேறு கேள்வி.

இந்தச் சின்ன விஷயங்களைச் சொல்லிக்கொடுக்க மருத்துவமனைக் கூட்டத்தில் யாருக்கும் நேரமிருப்பதில்லை என்பது என் மனக்குறை. ‘இந்த மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று மாத்திரையை மூன்றாம் நாள் தூக்கி எறிகிறவர்களில் எத்தனை பேருக்கு உண்மையில் ஒத்துக்கொள்ளாதது அந்த ஒரு மிடறு தண்ணீரோ! உடம்பெல்லாம் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத் திணறல் என்றால் அது ஒவ்வாமை. உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும். குமட்டலும் எரிச்சலும் அப்படிப்பட்டவை அல்ல. அவற்றைத் தணிக்க வழி உண்டு. வழியே இல்லாமல் வாந்தியாகிக்கொண்டிருந்தால் அசித்ரோமைசின் என்ற மாற்று மருந்து உண்டு. கர்ப்பிணிகளுக்கும் அதைத்தான் கொடுக்கிறார்கள். மாற்றுவது மருத்துவர் வேலை, நிறுத்திவிடுவது நம் வேலை அல்ல.

மூன்றாம் நாள் என்று ஏன் குறிப்பிட்டேன்? டாக்ஸிசைக்ளின் தொடங்கினால் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் பெரும்பாலும் இரண்டு நாளில் இறங்கிவிடும். எனக்கும் இறங்கியது. காய்ச்சலும் இல்லை, குமட்டல் மட்டும் மிச்சம் என்றால் மனம் என்ன சொல்லும்? இங்கேதான் கதிரியக்கத்தில் நீங்கள் படிக்கும் அரை ஆயுட்காலம் கைகொடுக்கிறது. உடலில் டாக்ஸிசைக்ளின் பாதியாகக் குறையச் சுமார் 18 மணி நேரம் ஆகும் என்று கொள்வோம். அப்படியானால் 12 மணி நேரத்தில் 63 சதவீதம் எஞ்சும். முதல் மாத்திரையை 100 என்று வைத்தால், அடுத்த வேளையில் 63-உடன் 100 சேர்ந்து 163. அதற்கடுத்து 203, பிறகு 228, 243, 253. எத்தனை நாள் சாப்பிட்டாலும் 270-ஐத் தாண்டாது. ஏன் என்பதைப் பெருக்குத் தொடர் படித்தவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். இந்த மட்டத்தைச் சீக்கிரம் எட்டவே முதல் வேளை இரட்டை அளவாகக் கொடுக்கும் வழக்கமும் உண்டு. ஆறு மாத்திரையோடு நிறுத்தினால்? மேலும் மூன்று நாளில், அதாவது நான்கு அரை ஆயுட்காலத்தில், 253 பதினாறில் ஒரு பங்காகி 16-க்கு வந்துவிடும்.

இந்த மருந்து கிருமியை நேரே கொல்வதைக் காட்டிலும் அதன் பெருக்கத்தைத் தடுத்து நிறுத்துகிறது. மீதியைத் தீர்த்துக்கட்டுவது உடலின் நோய் எதிர்ப்பு அணுக்கள். அவை வேலையை முடிக்குமுன் மருந்தின் மட்டம் விழுந்தால், செல்லுக்குள் பதுங்கியிருந்தவை மீண்டும் தலைதூக்கும். காய்ச்சல் திரும்பும். ஏழு நாள் என்பது நோய் எதிர்ப்பு அணுக்களுக்கு நாம் வாங்கித் தரும் அவகாசம்.

அதற்காகப் பதினான்கு நாள், ஒரு மாதம் என்று நீட்டினால் இன்னும் நல்லதா? லைம் நோயில் இதைச் சோதித்திருக்கிறார்கள். சிகிச்சை முடிந்த பிறகும் உடல்வலியும் அசதியும் நீடித்தவர்களுக்கு மாதக் கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் 2001-இல் அமெரிக்காவிலும் 2016-இல் நெதர்லாந்திலும் வெளியாயின. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அவர்கள் கூடுதலாகத் தேறவில்லை. கூடுதல் நாள் என்பதும் ‘ஸ்ட்ராங்’ மாத்திரையின் இன்னொரு வேடம்தான்.

நம் பக்கத்து ஊரிலிருந்து வந்த ஓர் ஆய்வு என் வாதத்தையே சற்று அசைத்துப் பார்த்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் ஜார்ஜ் எம். வர்கீஸ் தலைமையில், இந்தியாவின் ஏழு மருத்துவமனைகளில், ஏறத்தாழ 800 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2023-இல் வெளியானது அது. உறுப்புகள் பாதிக்கப்படும் அளவுக்கு முற்றிய ஸ்க்ரப் டைஃபஸ் நோயாளிகளுக்கு ஊசி வழியே ஒரு பிரிவினருக்கு டாக்ஸிசைக்ளின், ஒரு பிரிவினருக்கு அசித்ரோமைசின், ஒரு பிரிவினருக்கு இரண்டும். எது யாருக்கு என்பது கொடுத்த மருத்துவருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. மரணம், நீடித்த உறுப்புப் பாதிப்பு, ஐந்தாம் நாளும் நீங்காத காய்ச்சல் ஆகியவற்றில் ஏதேனும் நேர்ந்தவர்கள் டாக்ஸிசைக்ளின் பிரிவில் 47 சதவீதம், அசித்ரோமைசின் பிரிவில் 48 சதவீதம், இரண்டும் பெற்றவர்களில் 33 சதவீதம். இறப்பில் மட்டும் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

அப்படியானால் இரண்டு மருந்து ஒன்றைவிட வலுவானதுதானே என்று கேட்பீர்கள். ஏன் கூடுதல் பலன் கிடைத்தது என்பதைப் பாருங்கள். டாக்ஸிசைக்ளின் உட்காருவது ரைபோசோமின் சிறிய பாகத்தில். அசித்ரோமைசின் உட்காருவது பெரிய பாகத்தில். ஒரே தொழிற்சாலையின் இரண்டு வாசல்களை ஒரே சமயத்தில் அடைக்கிறார்கள். இரண்டு மாத்திரை என்பதால் வந்த பலன் அல்ல. இரண்டு வெவ்வேறு இடம் என்பதால் வந்த பலன். டாக்ஸிசைக்ளினோடு செஃபிக்சிமைச் சேர்த்திருந்தால் இக்கிருமியிடம் அந்தப் பலன் கிடைத்திராது. மேலும் அந்த ஆய்வு முற்றிய நோயாளிகளைப் பற்றியது. கொல்லையில் புல் வெட்டிவிட்டு, நடந்தே மருத்துவரிடம் வந்த என் போன்றவனுக்கு ஒரு மருந்தே போதுமானதாக இருந்தது. எல்லாருக்கும் இரண்டு என்று யாராவது எழுதத் தொடங்கினால் அதை நான் எதிர்ப்பேன்.

இவ்வளவும் படித்துவிட்டு, அடுத்த காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளின் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அதே மழைக்காலத்தில்தான் டெங்குவும் வருகிறது. அது வைரஸ், எந்த ஆன்டிபயாடிக்கும் அதைத் தொடாது. இரண்டிலும் இரத்தத் தட்டணுக்கள் குறையும். அதை மட்டும் பார்த்தால் மருத்துவரே ஏமாறலாம். ஸ்க்ரப் டைஃபஸுக்கான இரத்தப் பரிசோதனையோ முதல் சில நாள்களில் பிடிபடாமல் போகக்கூடும். ஆகவே மருத்துவருக்கு மிகவும் உதவுவது நீங்கள் தரும் செய்தி: காய்ச்சலுக்கு ஒன்று இரண்டு வாரம் முன்பு புல்லிலோ புதரிலோ வேலை செய்தாரா, ஆடு மேய்த்தாரா, விறகு பொறுக்கினாரா? அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு போன்ற மறைவிடங்களில் கறுப்புப் பொருக்கு இருக்கிறதா? பொருக்கு எல்லாருக்கும் வராது, வந்தவர்களும் கவனிப்பதில்லை.

கடைசியாக என் கடைக்காரருக்கும் எனக்கும் உள்ள கணக்கு. செஃபிக்சிம், இந்திய அரசின் எச்-1 என்ற அட்டவணையைச் சேர்ந்தது. 2014 மார்ச் முதல், இவ்வட்டவணை மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்கும்போது மருத்துவர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். நான் வாங்கிய அன்று எந்தப் பதிவேடும் திறக்கப்படவில்லை. நானும் சீட்டு கொண்டு போகவில்லை. அவரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ‘ஸ்ட்ராங்காக’ என்று கேட்டவன் நான்தானே. உங்கள் வீட்டு அலமாரியில் கிடக்கும் மாத்திரை அட்டைகளைத் திருப்பிப் பாருங்கள். ஆன்டிபயாடிக் அட்டைகளில் ஓரமாக ஒரு சிவப்புக் கோடு இருக்கும். சீட்டின்றி வாங்கக் கூடாது என்பதற்கான அடையாளம் அது. பாதி தின்று பாதி மிச்சமாக எத்தனை அட்டை கிடக்கிறது என்றும் எண்ணிப் பாருங்கள். எங்கள் வீட்டில் அன்று மூன்று இருந்தன.